இருகரை என்றால் யார்?

9 ஜூன் 2025, திங்கள்

பாவு நூல் மாற்றுவதற்காகக் காலையில் இரண்டு தறிகளை நிறுத்தியிருந்தார்கள். பட்டறையில் சத்தம் கொஞ்சம் குறைந்ததால் டிவி போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

அர்த்தநாரி மாஸ்டரின் பேட்டி. வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடி, பக்கத்து மேசையில் ட்ரம்பெட். இதே குமாரபாளையத்தில் சைக்கிளில் ட்ரம்பெட்டைக் கட்டிக்கொண்டு போன மனுஷன். இந்தக் கரையில் நான்கு பேர், ஆற்றுப் பாலம் தாண்டிப் பவானியில் மூன்று பேர் என்று ஆள் சேர்த்து ‘இருகரை மெல்லிசைக் குழு’ என்று பெயர் வைத்தவர். அதில் ஒரே பெண்குரல் நான். பிறகு அவர் சென்னைக்குப் போனார், சினிமாவில் வாசித்தார், இசையமைப்பாளர் ஆனார். நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். இப்போது அதே ‘இருகரை’ என்ற பெயரில் புதுசாக ஒரு பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்.

பேட்டி எடுத்த பெண், முன்னாடியும் இதே பெயரில் குழு வைத்திருந்தீர்களாமே என்று கேட்டாள். அவர் சிரித்தார்.

“அத பேண்டுன்னு சொல்ல முடியாதும்மா. கல்யாணம், கோயில் நோம்பின்னு நாலு பேரு சேந்து வாசிச்சோம். நெசமான பேண்டு எனக்கு இப்பத்தான் அமைஞ்சிருக்குது.”

நாலு பேராம். பெயர்கூட வேண்டாம், தலையையாவது சரியாக எண்ணியிருக்கலாம்.

வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். “ஏம்புள்ள, அந்த ரிமோட்ட எதுக்கு அந்தப் புடி புடிக்கற? ஒடஞ்சறப் போவுது.”

10 ஜூன்

விடிந்ததும் விடியாததுமாகச் சங்ககிரியிலிருந்து அன்பழகன் அண்ணன் போன். எங்கள் குழுவின் ட்ரம்மர் அவர். இப்போது லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். ‘நல்லாருக்கறயா’ என்றுகூடக் கேட்கவில்லை.

“அம்முணி, பாத்தியா பேட்டிய? நாலு பேராமா! அப்ப நாமெல்லாம் யாரு, மைக் செட்டுக்காரனுக்கு ஒறம்பரைச் சனமா?”

“உடுங்கண்ணா. பெரிய ஆளாயிட்டாரு. வாய்தவறி வந்திருக்கும்.”

“வாயி தவறல, மனசு தவறிப் போச்சு. அவன் இப்ப வெச்சிருக்கறது பேண்டா? கூலிக்கு ஆளப் புடிச்சு ஆளுக்கொரு வயரக் காதுல சொருகி உட்டிருக்கறான். ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்கறானான்னு கச்சேரி வீடியோவுல நல்லாப் பாரு.”

பார்த்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. மனசுக்குக் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு யாரிடம் சொல்வது?

12 ஜூன்

அந்த வீடியோவின் கீழே கமெண்டில் ஊர்ப்பட்ட பேர் சண்டை. ‘இது இருகரையே கிடையாது, அந்தக் காலத்து இருகரைதான் இருகரை’ என்று பாதிப் பேர். ‘பழசை எவன் கேட்டான், மாஸ்டர் எங்கே இருக்கிறாரோ அதுதான் இருகரை’ என்று மீதிப் பேர். முதல் கட்சியில் காரசாரமாக எழுதுவது அன்பழகன் அண்ணன்தான், பேரன் பெயரில். ‘அம்முணி’ என்ற வார்த்தை வந்ததுமே கண்டுபிடித்துவிட்டேன்.

நானும் எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது?

நாங்கள் பாடிப் பழகின இடம் இதோ இந்தப் பட்டறைதான். அப்போது என் மாமனார் கையில் இருந்தது. “எடம் தாரேன், தறிய நிறுத்த மாட்டேன்” என்றுவிட்டார். எட்டுத் தறியும் தடதடக்க நடுவில் நின்று பழகினோம். ட்ரம்பெட் மட்டும் ஏதோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். என் குரல் எனக்கே கேட்காது. அதனால் முகத்தைப் பார்த்தே பழகினோம். அன்பழகன் அண்ணனின் தோள், பவானிக்காரர்களின் கால் தட்டு, எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டரின் புருவம். அது ஏறினால் நான் எடுக்க வேண்டும். இறங்கினால் விட வேண்டும். வெளியே மேடைக்குப் போனால் எல்லாமே காதில் விழும், எங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஆனாலும் கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்க மாட்டோம்.

இதையெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத முடியுமா? எழுதியதை அழித்துவிட்டேன்.

18 ஜூன்

மாஸ்டரிடமிருந்து போன் வரவில்லை. கூப்பிடுகிறேன் என்று யாரும் சொல்லவும் இல்லை. பிறகு எதற்குக் குளிக்கப் போகும்போதுகூட அதை எடுத்துப் போகிறேன்?

6 ஜூலை, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ். ஆடிப் பதினெட்டுக்கு நம் ஊரிலேயே ‘இருகரை’ கச்சேரி. படத்தில் மாஸ்டர் மட்டும். அந்தப் புது ஆட்கள் ஒருத்தர் முகமும் இல்லை.

கத்தரிக்காய் வாங்கப் போனவள் வாங்காமல் வந்துவிட்டேன். மறுபடி போய் வாங்கிவந்தேன், அதே வழியாக.

17 ஜூலை

கூப்பிட்டாச்சு!

அவர் இல்லை, அவருடைய மேனேஜர். சொந்த ஊர் என்பதால் பழைய ஆள் ஒருவர் வந்து அந்த ஆத்துப் பாட்டைப் பாடினால் நன்றாக இருக்கும் என்று மாஸ்டர் நினைக்கிறாராம். மாஸ்டரே மெட்டுப் போட்டு நாங்கள் இந்தப் பட்டறையில் பழகின பாட்டு அது. மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் ‘வாரேனுங்க’ என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். நாலு பேரில் ஒருத்திதானே, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயிலேயே வரவில்லை.

அன்பழகன் அண்ணனைக் கூப்பிட்டார்களா என்று கேட்டேன். “ட்ரம்ஸுக்கு ஆளு இருக்காங்க மேடம்” என்றார் மேனேஜர்.

அண்ணனிடம் நானே சொன்னேன். எதிர்முனையில் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. அப்புறம், “போ அம்முணி. போய்ப் பாடு. அது பேண்டா இல்லையான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்து சொல்லு” என்று வைத்துவிட்டார். அழுதாரோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டாம்.

27 ஜூலை, ஞாயிறு

சேலத்தில் ரிகர்சல். மாஸ்டர் வரவில்லை. “அவரு நேரா ஸ்டேஜுக்கு வந்துருவாருங்க அக்கா” என்றாள் வித்யா. பேஸ் கிட்டார் வாசிக்கிற பெண். மகள் வயசு. ட்ரம்ஸ் கௌதமன், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கம்பெனி ஆபீஸில் வேலை. கீபோர்டுக்கு ஒருவன், கிட்டாருக்கு ஒருவன். மரியாதையான பிள்ளைகள், டீ வாங்கிக்கொடுத்தார்கள்.

காதில் ஒரு குமிழைச் சொருகினார்கள். உள்ளே டக் டக் என்று இடைவிடாமல் ஓடுகிறது. நடுநடுவே ஒரு குரல் எண்ணுகிறது.

“அது க்ளிக்குங்க அக்கா. அது எண்ணி முடிச்சதும் நீங்க எடுத்தாப் போதும்.”

“மாஸ்டர் ட்ரம்பெட் வாசிச்சு முடிக்கணுமே கண்ணு. அதுக்குக் கணக்கே கெடையாது. அவருக்கு மனசு நெறையற வரைக்கும் ஊதுவாரு.”

“இப்பக் கணக்குப் போட்டாச்சுங்க” என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

பாடினேன். தப்பில்லாமல்தான் வந்தது. அவரவர் தரையைப் பார்த்து அவரவர் வேலையைச் செய்தார்கள். அண்ணன் சொன்னது சரி. இது குழு இல்லை. நம் பட்டறைத் தறி மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், அதது பாட்டுக்குத் தனியாக ஓடும்.

ஆனால் மாஸ்டர் வந்துவிட்டால் மாறும். வந்து என் பக்கம் திரும்பி அந்தப் புருவத்தை ஒரு தடவை தூக்கினால் போதும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு. டிவியில் என்னவேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

காலையில் ஆற்றுக்குப் போய்க் கும்பிட்டு வந்தேன். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டி வைத்திருக்கிறேன். மாஸ்டருக்குப் புளிச்சோறு என்றால் உயிர், அந்தக் காலத்தில் என் பங்கையும் சேர்த்துத் தின்பார். மாம்பழ மஞ்சள் சேலை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட இப்படிக் கெளம்பல நீ” என்றார்.

நேரமாகிவிட்டது. மீதி நாளைக்கு.

4 ஆகஸ்ட்

ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிறகு எனக்குச் சாதகமாக மாற்றி வைத்துக்கொள்வேன்.

கூட்டம் கரையெல்லாம். ஆத்துப் பாட்டு என்று அவர் மைக்கில் சொன்னதும் ஊரே கத்தியது. “எங்க ஊர்க் குயிலு” என்று என்னைச் சொல்லிச் சால்வை போர்த்தினார். சரி, பெயரையும் சொல்லியிருக்கலாம். ட்ரம்பெட்டை எடுத்தார். முதல் மூச்சிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சத்தம். பட்டறையில் தூரத்தில் கேட்குமே, அதுதான். வயசானாலும் அந்த மூச்சு மாறவில்லை.

ஊர்க்கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு பொங்கிவிட்டது. கணக்குப் போட்டு வைத்த இடத்தில் நிறுத்தவில்லை. ஊதிக்கொண்டே போனார். என் காதில் அந்தக் குரல் எண்ணி முடித்தது. எடுக்க வேண்டிய இடம் வந்தது. நான் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பேன்? புருவம் ஏறவில்லையே. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. வேறு எந்தப் பாடகியாக இருந்தாலும் காதில் சொன்னபடி எடுத்திருப்பாள், மொத்தமும் குளறுபடியாகியிருக்கும், அல்லது ஆகாமலும் இருந்திருக்கும். எனக்கு அது புத்தியிலேயே இல்லை. வாயை மூடிக்கொண்டு, திரும்புவார் திரும்புவார் என்று அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சாமி, ஒரு தடவை திரும்பு. ஒரே ஒரு தடவை.

திரும்பவில்லை.

அப்போது பின்னால் ஏதோ மாறியது. திரும்பிப் பார்த்தேன். கௌதமன் காதிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். வித்யாவும். கீபோர்டும் கிட்டாரும் அந்த இரண்டு பேரையும் பார்க்கிறார்கள். ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு, மாஸ்டருக்குக் கீழே தரை போட்டுக்கொண்டே போகிறார்கள். வித்யா தலையால் ‘இன்னொரு சுத்து’ என்கிறாள். அவன் தோளால் ‘சரி’ என்கிறான். கிட்டார்க்காரன் சிரிக்கிறான். அப்புறம் கௌதமன் ட்ரம்ஸுக்குப் பின்னால் பாதி எழுந்து, எனக்கு முகம் தெரிகிற மாதிரி நின்றான். ட்ரம்பெட் இறங்குகிற இடத்தில் அவன் புருவம் ஏறியது.

எடுத்தேன். அப்படி நான் பாடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

மாஸ்டருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. எல்லாம் அதுவாக அமைந்தது என்று நினைத்திருப்பார். முடிந்ததும், “பிரமாதம் வாணி! கூப்பிடறேன்” என்றார், என் கையைப் பிடித்து, கண் மட்டும் காரைப் பார்த்தது. சாப்பாடு கட்டி வந்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது கதவு மூடியிருந்தது.

புளிச்சோற்றை அந்தப் பிள்ளைகள்தான் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரே டப்பாவில் நாலு கை. கௌதமனைக் கேட்டேன், “எப்படிடா கண்ணு தெரிஞ்சுது உனக்கு?”

“அவரு எப்பவுமே இப்படித்தானுங்க அக்கா. அவரு பாட்டுக்கு எங்கியாச்சும் போயிருவாரு. நாங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துப் புடிச்சுக்குவோம். ரிகர்சல்ல அவரு இருக்க மாட்டாரு, அதனால பாக்க வேண்டியதில்லீங்க. ஸ்டேஜுல பாக்காம முடியாது.”

வீடியோவில் காமிரா முக்கால்வாசி நேரம் மாஸ்டரையே காட்டுகிறது. இவர்கள் பார்த்துக்கொள்வது யாருக்குத் தெரியும்?

அப்படியானால் அது பேண்டுதான். அசல் பேண்டு. அன்பழகன் அண்ணன் தோற்றார், நானும் தோற்றேன். அதில் மாஸ்டர்தான் இல்லை.

இதை எழுதும்போது இன்னொன்று தோன்றுகிறது, வேண்டாம் என்றாலும் தோன்றுகிறது. பட்டறையில் அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார் என்றால், அங்கே பார்ப்பதற்கு எங்களை விட்டால் வேறு யாரும் இல்லை. அவ்வளவுதானா? அவ்வளவுதானா மாஸ்டர்?

11 ஆகஸ்ட்

‘கூப்பிடறேன்’ என்று இந்தத் தடவை அவர் வாயால் சொல்லியிருக்கிறார். சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

19 ஆகஸ்ட்

அன்பழகன் அண்ணன் கேட்டார், “என்ன, பேண்டா இல்லையா?”

“பேண்டுதானுங்கண்ணா.”

“உன்னையும் புடிச்சுட்டானா அவன்” என்றார். அவனில்லை, அந்தப் பிள்ளைகள் என்று சொல்லப் போனேன். லாரிக்காரர் யாரோ வந்துவிட்டார்கள், வைத்துவிட்டார்.

2 செப்டம்பர்

வித்யா போன் செய்தாள். மாஸ்டர் மலேசியா போகிறார். ‘இருகரை’ கச்சேரி, நாலு ஊரில். வாசிப்பவர்கள் எல்லாம் சென்னை ஆட்கள். இவர்கள் ஒருத்தரும் இல்லை.

“எங்களுக்கு யாரும் சொல்லலீங்க அக்கா. போஸ்டரு வாட்சப்புல வந்துதுங்க, அதுலதான் தெரியும். ரிகர்சல் ரூமையும் காலி பண்ணச் சொல்லீட்டாங்க. நாங்க என்னக்கா தப்புப் பண்ணினோம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடம். அந்தப் பெண் திகைத்துப் போனாள். அப்புறம் அழுகையும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச வருஷத்தில் ஏதோ ஒரு டிவியில் இவர்களைப் பற்றியும் அவர் சொல்வார், நாலு பேரு சேந்து வாசிச்சோம் என்று. நல்லவேளை, அப்போதாவது கணக்குச் சரியாக இருக்கும்.

“ஒண்ணும் தப்புப் பண்ணலடி சாமி. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூட்டிட்டு எங்க ஊட்டுக்கு வா” என்றேன்.

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

வேனில் வந்து இறங்கினார்கள். வீட்டுக்காரர் ட்ரம்ஸ் இறங்குவதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏம்புள்ள, தறிய நிறுத்தச் சொல்லிராத. தீவாளிச் சரக்கு கழுத்து வரைக்கும் கெடக்குது.”

“நிறுத்தவே வேண்டாமுங்க.”

அவர் சிரித்த சிரிப்பு! அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அதே வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே.

எட்டுத் தறிக்கு நடுவே நின்றதும் நாலு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. வித்யா என் காதருகே வந்து கத்தினாள், “அக்கா, ஒண்ணுமே கேக்கலீங்களே!” ஆமாம் என்று தலையாட்டினேன். காதுக் குமிழைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். கௌதமனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். எடுத்தேன்.

முதல் தடவை கண்றாவி. மூன்றாவது தடவை, என்ன வந்ததென்று கேட்கவில்லை, ஆனால் ஐந்து பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினோம். நிறுத்திவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக் கத்தினோம். அதுவும் கேட்கவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

அன்பழகன் அண்ணன் வந்தார். பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாராம். நூல் மூட்டைமேல் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். முகம் கடுகடு. கௌதமனின் கையையே முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் கட்டின கை அவிழ்ந்தது. மூன்றாவதில் மூட்டையைத் தட்ட ஆரம்பித்தார். கௌதமன் அந்தப் பக்கம் திரும்பி, அவர் தோளைப் பார்த்து வாசித்தான்.

டீ குடிக்க வெளியே வந்தபோது, “அந்தப் பையன் பாக்கறான் அம்முணி” என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். போகும்போது, “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வாரேன்” என்றார், யாரும் கேட்காமலே.

12 அக்டோபர், ஞாயிறு

பவானியில் ஒரு நோம்பிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்னக் கச்சேரிதான். நோட்டீஸில் போட என்ன பெயர் என்று கேட்டார்களாம். “என்னங்க அக்கா சொல்றது?” என்று வித்யா என் முகத்தைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வாயில் ‘இருகரை’ என்று வந்து, நின்று, உள்ளே போனதைப் பார்த்தேன். “அத அவனே வெச்சுக்கட்டும்” என்றார். புதுப் பெயர் இன்னும் அமையவில்லை. இன்றைக்கு ஆத்துப் பாட்டைப் பழகினோம். ட்ரம்பெட் வருகிற இடத்தில் யாரும் எதுவும் வாசிக்கவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, கௌதமன் எனக்குக் காட்டினான், எடுத்தேன். அந்த வெறும் இடத்தில் இன்னும் என் காது ட்ரம்பெட்டைத் தேடுகிறது. தேடவில்லை என்று எழுதினால் பொய்.

அவர்கள் எல்லாம் போனபிறகு போனைத் தேடினேன். காலையில் எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. பட்டறையில் நூல் தார் போட்டுவைக்கிற கூடைக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் மிஸ்டு கால். மேனேஜர் இல்லை. மாஸ்டரே. ஒன்றல்ல, நாலு. நாங்கள் ஆத்துப் பாட்டில் இருந்த நேரம்.

ஜூனிலிருந்து குளிக்கிற இடத்துக்குக்கூடத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே!

திருப்பிக் கூப்பிடக் கட்டைவிரலை வைத்தேன். என்ன கேட்பார்? வா என்பாரோ? நன்றாகப் பாடினாய் என்பாரோ? இனி மேடையில் என் பெயரைச் சொல்வாரோ? கேட்க ஆசைதான். இப்போதும் ஆசைதான். எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

உள்ளே எட்டுத் தறியும் ஓடுகிறது. கூப்பிட்டாலும் அவர் பேசுவது எனக்குக் கேட்காது. இந்தச் சத்தத்தில் முகம் பார்த்தால்தான் உண்டு.